உன் விரலுக்கடியில் என் நாடி

என் ராசா,

இன்று காலை புக்கிட் மலாவத்திக் குன்றின் மேல் நடந்தே ஏறினேன். டிராம் வண்டியில் இல்லை, உன் அப்பா பின்னாலிருந்து தள்ளவும் இல்லை. அடிவாரத்தில் டிக்கெட் விற்கும் பெண் டிராமில் ஏறச் சொல்லிக் கூப்பிட்டாள். கையை ஆட்டிவிட்டு நடந்தேன். வழியில் இரண்டு இடத்தில் நின்றது உண்மைதான், ஆனால் மூச்சு வாங்கி நிற்கவில்லை. ஒரு இடத்தில் குரங்கு என் பையைப் பிடித்துக்கொண்டது, இன்னொரு இடத்தில் செருப்பு வார் கழன்றது. உச்சியில் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நீ சொல்லிக் கொடுத்தபடி மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து எண்ணினேன். எல்லாம் ஒரே இடைவெளி. ஒரு துடிப்பும் ஏமாற்றவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு "ஜெயிச்சுட்டேன்டா" என்று சத்தமாகவே சொன்னேன். பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த சீனத் தம்பதி திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பா பாசிர் பெனம்பாங்கில் கருவாடு வாங்கப் போயிருக்கிறார். பெட்டியில் இடமில்லை என்று நீ எத்தனை தடவை சொன்னாலும் அது அவர் காதில் ஏறாது. சனிக்கிழமை நீ விமானம் ஏறுகிறாய். அதற்குள் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. முகத்துக்கு நேரே சொன்னால் "சரிம்மா, விடும்மா" என்று பேச்சை மாற்றிவிடுவாய். உன் குணம் எனக்குத் தெரியாதா? கடிதத்தின் வாயை நீ மூட முடியாது. அதனால் மெதுவாகப் படி. விமானத்தில் உனக்கு வேறு வேலையும் இருக்காது.

நான் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கினவள். குலை வெட்டுகிறவர்களுக்குப் பின்னால் குனிந்துகொண்டே போய், சிதறிக் கிடக்கும் பழத்தை மூட்டையில் போடுகிற வேலை. அந்த வேலையில் யாரும் உன் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், முதுகைத்தான் பார்ப்பார்கள். ஆனால் வருடத்தில் ஒரு நாள், மாரியம்மன் கோயில் திருவிழாவில், உறுமி அடிக்க ஆரம்பித்ததும் எனக்கு அருள் வரும். முதல் தடவை வந்தபோது எனக்குப் பதினாறு வயது. என்ன நடந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உறுமிச் சத்தம் கேட்டது நினைவிருக்கும், பிறகு யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்தது நினைவிருக்கும். நடுவில் ஒன்றும் இருக்காது. நான் ஆடியதையும் வாக்குச் சொன்னதையும் பிறர் சொல்லித்தான் தெரிந்துகொள்வேன். காலையில் என்னைப் பெயர் சொல்லி அதட்டிய, தோட்டக் கணக்கு எழுதும் கிராணி அன்று மாலை என் முன்னால் கைகட்டி நின்றார் என்று கூட்டாளிகள் சொல்லும்போது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு மற்ற நாளெல்லாம் குனிந்தேன்.

நீ பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் படிக்கும்போது ஒரு நாள் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "சாமி வந்தா அது சாமிதான்னு ஒனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டாய். நான் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். அறைந்த கை எரிந்தது. நீ அழவில்லை, சோற்றை முழுவதும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனாய். அதற்குப் பிறகு கோயில் வாசலுக்கு வருவாய், உள்ளே வர மாட்டாய். நீ திமிராகக் கேட்டதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்பதுதான் விஷயம்.

ஐம்பது வயதுக்கு மேல் அருள் வருவது குறைந்தது. ஒரு வருடம் உறுமி அடித்து ஓய்ந்தே போனார்கள், நான் கல் மாதிரி நின்றேன். அன்று வீட்டுக்கு நடந்து வந்த வழியில் உன் அப்பாகூட என்னைக் கேலி செய்யவில்லை. அப்படி என்றால் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள். அதற்கு அடுத்த வருடம்தான் அந்தப் படபடப்பு ஆரம்பித்தது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று நெஞ்சுக்குள் ஒரு பையில் மீனை அடைத்த மாதிரி துள்ளல். கை கால் லேசாகிப் போனது, கண் முன்னால் வெளிச்சம் ஆடியது. அரை மணி நேரத்தில் நின்றது. வேறு யாராவது என்றால் கிளினிக்குக்குப் போயிருப்பார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? குளித்துவிட்டு வந்து சூடம் ஏற்றினேன். திருவிழா வரைக்கும் காத்திருக்காமல் அம்மன் வீட்டுக்கே வந்துவிட்டாள் என்று நினைத்தேன். அந்த அளவுக்கு ஏங்கிப் போயிருந்தேன், ராசா.

அதன் பிறகு எட்டு வருடம். படபடப்பு வரும்போதெல்லாம் எழுந்து நின்றேன், தலைமுடியை அவிழ்த்துவிட்டேன், வாக்குச் சொன்னேன். புக்கிட் பெலிம்பிங்கில் நம் வீட்டு வாசலில் வெள்ளிக்கிழமைகளில் செருப்பு நிறைந்து கிடக்கும், உனக்கே தெரியும். பெண்ணுக்கு வரன் வருமா, காணாமல் போன சங்கிலி கிடைக்குமா என்று கேட்பார்கள். நான் பொய் சொல்ல வேண்டுமென்று எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லாமல் மறைத்தேன். அந்த வெள்ளிக்கிழமைகளில் நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு நினைவிருந்தது. நடுவில் வெறுமை இல்லை. யார் என்ன சேலை கட்டிக்கொண்டு வந்தாள் என்பதுவரை நினைவிருந்தது. வயதாகிவிட்டது, இப்போது அம்மன் இப்படித்தான் வருகிறாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இனி வரப்போவதுதான் நான் உன்னிடம் சொல்ல வேண்டியது. இரண்டு வருடத்துக்கு முன்னால் உனக்கு வெளிநாட்டில் அந்த இடம் முதல் தடவை கிடைத்தபோது, நீ கடிதத்தை எடுத்துக்கொண்டு கோலாலம்பூரிலிருந்து நேரே வீட்டுக்கு வந்தாய். இதயச் சுவரில் மின்சாரம் எந்த வழியாகப் பரவுகிறது என்று கணினியில் வரைபடம் போடுகிற உன் வேலையை, இன்னும் பெரிய ஆய்வுக்கூடத்தில் போய்ச் செய்யப் போவதாகச் சொன்னாய். எத்தனை வருடம் என்று கேட்டேன். நாலு என்றாய். அந்த 'நாலு' காதில் விழுந்ததும் நெஞ்சு துள்ள ஆரம்பித்தது. எழுந்தேன். "கடல் தாண்டாதே, தாண்டினா திரும்பி வரமாட்டே" என்று சொன்னேன். அம்மன் குரலில் சொன்னேன். உன் அப்பா உடனே கையெடுத்துக் கும்பிட்டார். நீ என்னையே பார்த்தாய். பிறகு அந்தக் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சரி" என்று மட்டும் சொன்னாய். நம்பாத பிள்ளை, என் மனம் நோகக்கூடாது என்று அடங்கிப் போனாய். அன்று உன் சட்டை நீலக் கோடு போட்டது. இதுகூட எனக்கு நினைவிருக்கிறது. ஏன் நினைவிருக்கிறது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

போன வருடத் திருவிழா உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீதான் எனக்குச் சொன்னாய். உறுமி ஆரம்பிப்பதற்கு முன்பே படபடப்பு வந்துவிட்டது, நான் ஆட ஆரம்பித்தேன். வாக்குக் கேட்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள். மூன்றாவது ஆளுக்குச் சொல்லும்போது என் நாக்கு புரண்டது. சொல்ல நினைத்தது ஒன்று, வாயில் வந்தது வேறு ஏதோ சத்தம். இதுவும் எனக்கு நினைவிருக்கிறது, பயந்து போனேன். ஆனால் சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "ஆத்தா அவ பாஷையில பேசுறாடி!" என்று யாரோ கத்த, எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். என்னை விழாமல் தாங்கிப் பிடிக்கிற பாக்கியம் அக்காகூட, என்னோடு இருபது வருடம் பழம் பொறுக்கினவள், கண்ணீர் விட்டாளாம். பதினைந்து நிமிடத்தில் நாக்கு சரியாகிவிட்டது. நான் மோர் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குள் யாரோ எடுத்த வீடியோ வாட்சாப்பில் உனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஊரே அம்மனைப் பார்த்த வீடியோவில் நீ என் வாயைப் பார்த்தாய். ஒரு பக்கம் கோணியிருந்தது.

அப்பாவின் போனில் நீ பேசியபோது குரல் கீச்சென்று வந்தது. "அப்பா, அம்மாவ இப்பவே ஹோஸ்பிட்டல் கொண்டு போங்க. சரியாயிட்டாலும் பரவால்ல, கொண்டு போங்க. நான் காடிய எடுத்துட்டேன், வந்துகிட்டே இருக்கேன்." உன் அப்பா, "பிரசாதம் வாங்கிட்டுப் போறோம்லா" என்றார். அதற்கு நீ போட்ட சத்தம் எனக்கே கேட்டது. அப்பாவை நீ அதட்டியது அதுதான் முதல் தடவை. பிரசாதம் வாங்காமலே தான் ஓட்டும் லோரியில் ஏற்றிக்கொண்டு போனார். சுங்கை புரோங்கில் நெல் ஏற்றிய லோரி, பட்டுச் சேலையோடு, நெற்றி நிறைய மஞ்சளோடு நான். ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்த மலாய்த் தாதி காகிதத்தைப் பார்த்துவிட்டு டாக்டரைத் தேடி ஓடினாள். ஏன் ஓடுகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் பயமும் தெரியவில்லை. என் இதயத்தின் மேலறைகள் இரண்டும் துடிக்காமல் நடுங்கிக்கொண்டிருக்கின்றன, நடுங்கும் அறையில் இரத்தம் தேங்கி உறைகிறது, உறைந்த துளி ஒன்று மூளைக்குப் போய் அடைத்து, பிறகு தானாகவே கரைந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார். அதற்குள் வந்து சேர்ந்திருந்த உன் முகத்தைப் பார்த்தேன். வருடக்கணக்காக நீ படம் போட்டுக்கொண்டிருந்த நோய், உன் சொந்த அம்மாவின் நெஞ்சில், உன் கண் முன்னாலேயே எட்டு வருடம் வாழ்ந்திருக்கிறது. அதை நான் பூ வைத்துக் கும்பிட்டிருக்கிறேன்.

இரத்தத்தை இளக்கும் மாத்திரையை ஒழுங்காகப் போட்டேன். ஆனால் இதயத்துக்குள் கம்பி நுழைத்துச் சுவரைச் சுடுகிற சிகிச்சைக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று நாலு மாதம் அடம் பிடித்தேன். வலிக்கும் என்று சொன்னேன், வயது என்று சொன்னேன். எல்லாம் சாக்கு. உண்மையான காரணத்தை நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடமிருந்து பிடுங்கினாய். சமையல்கட்டு மேசையில் நான் பயிற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"சாமி போயிரும்டா" என்றேன்.

நீ சிரிக்கவில்லை. அதற்காகவே உன்னை இன்னொரு தடவை பெற்றெடுக்கலாம். நறுக்கின துண்டு ஒன்றை எடுத்து மேசையின் மூலையில் வைத்தாய். "இங்க பாரும்மா. இதான் வலது பக்கத்து மேலறை. இந்த மூலையில ஒரு சின்ன எடம் இருக்கு. ஒவ்வொரு துடிப்பும் இங்கேருந்துதான் கெளம்பும். இது பக்கத்து செல்ல எழுப்பும், அது அதுக்குப் பக்கத்துல உள்ளத எழுப்பும். அப்படியே சுவரு முழுக்க அலை மாரி பரவி, இடது பக்கத்துக் கடைசி வரைக்கும் போவும். ஒரு தடவ எழும்பின செல்லு கொஞ்ச நேரம் அசந்து கெடக்கும், யாரு கூப்பிட்டாலும் எழும்பாது. அதனாலதான் அலை திரும்பி வராது. போய்க் கடைசில அடங்கிரும். அடுத்த துடிப்புக்கு மறுபடி மூலையிலேருந்து."

"சரி, எனக்கு என்ன கோளாறு?"

"நுரையீரல்லேருந்து ரத்தக் குழாய் வந்து சேருற எடத்துல, இடது பக்கத்துல, சில செல்லு தானாவே கத்துது. நேரங்கெட்ட நேரத்துல. அந்த அலை நேரா போவாம, தழும்பு விழுந்த எடத்தச் சுத்திக்கிட்டுப் போவுது. சுத்தி வர்றதுக்குள்ள மொதல்ல எழும்பின செல்லு அசதி தெளிஞ்சு உக்காந்துருது. அத மறுபடி எழுப்புது. அது மறுபடி சுத்துது. ஒரு சுழி ரெண்டாவுது, ரெண்டு நாலாவுது..."

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். "டேய், தண்ணி லோரி!"

உனக்கு அப்போது ஐந்து வயது, வாளி பிடித்துக்கொண்டு ஓடினது உனக்கும் ஞாபகம் இருந்தது. வறட்சிக் காலத்தில் தோட்டத்துக்கு லோரியில் தண்ணீர் வரும். முதல் வீட்டுக்காரி பார்த்துக் கத்துவாள், அடுத்த வீட்டுக்காரி கேட்டுக் கத்துவாள், லயத்து வரிசை வீடுகளில் கடைசி வீடு வரைக்கும் செய்தி போகும். கத்தினவள் கத்திவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள், அதனால் செய்தி கடைசி வீட்டோடு நின்றுவிடும். ஒரு நாள் லோரி வரவே இல்லை. பின்னால் கிடந்த வீட்டில் யாரோ ஏதோ வண்டிச் சத்தத்தைக் கேட்டு "தண்ணி லோரி வந்துருச்சு" என்று கத்திவிட்டாள். செய்தி இந்தப் பக்கமாகப் போய், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு, அடுத்த லயத்தின் வழியாகத் திரும்பி, முதலில் கத்தினவளிடமே வந்து சேர்ந்தது. அவள் லோரியைக் காணாமல் களைத்து வந்து உட்கார்ந்திருந்தாள். புதுச் செய்தி என்று நினைத்து மறுபடி கத்தினாள். காலை முழுவதும் இப்படி. ஒருத்தி இந்தப் பக்கம் ஓட, ஒருத்தி அந்தப் பக்கம் ஓட, வாளியும் வாளியும் மோத, எல்லோரும் ஓடினோம், ஒரு சொட்டுத் தண்ணீர் வீடு வந்து சேரவில்லை. கடைசியில் எங்களை வேலை வாங்கும் மண்டோர் ஆயாக் கொட்டகைப் பக்கத்துச் சந்தில் நின்றுகொண்டு, "இந்தச் சந்துக்கு அந்தால ஒருத்தியும் வாயத் தொறக்கக்கூடாது" என்று சத்தம் போட்டார். அத்தோடு நின்றது.

நீ மேசையைத் தட்டிக்கொண்டு எழுந்து நின்றாய். "அம்மா, இத நான் நாப்பது ஸ்லைடு போட்டு மாணவனுக்குச் சொல்றேன், அவன் தூங்குறான். நீ ஒரு லோரில முடிச்சுட்டே!" அந்த மண்டோர் செய்ததைத்தான் டாக்டர் கம்பியால் செய்யப் போகிறார் என்றாய். கத்துகிற இடத்தைச் சுற்றி ஒரு கோடு சுட்டுவிட்டால், உள்ளே எவ்வளவு கத்தினாலும் சத்தம் வெளியே வராது. அது எனக்கு இன்னும் நன்றாகப் புரிந்தது. அடித்தண்டு அழுகின செம்பனை மரத்தைச் சுற்றி நாங்கள் பள்ளம் வெட்டுவது அதற்குத்தானே? நோய் வேர் வழியாக அடுத்த மரத்துக்குப் போகாது.

புரிந்ததும் ஒரு பயம் போய் இன்னொரு பயம் வந்தது. லோரி வராமலே அன்று அத்தனை ஆர்ப்பாட்டம். அப்படியானால் எட்டு வருடம் என் வாசலில் நடந்தது? நான் அதைக் கேட்காமலே நீ தெரிந்துகொண்டாய். மறுபடி உட்கார்ந்து, மெதுவாக, "ஒனக்கு மொத மொத அருள் வந்தப்ப என்ன வயசும்மா?" என்று கேட்டாய். பதினாறு என்றேன். "படபடப்பு?" எட்டு வருடம் என்றேன். "அப்பறம் என்னாம்மா? சாமி முன்னாடி வந்தது, சீக்கு பின்னாடி வந்தது. பின்னாடி வந்தவன வெளியாக்குனா முன்னாடி வந்தவ ஏன் போவணும்?" சாமி இல்லை என்று நினைக்கிற பிள்ளை, என் சாமிக்காக வாதாடினாய். அன்று இரவுச் சோறு உண்டு முடிப்பதற்குள் நான் சம்மதம் சொல்லிவிட்டேன்.

சிகிச்சை நாளன்று, என் மகன் என்பதால் உன்னை உள்ளே விடவில்லை. ஊரார் இதயத்துக்கெல்லாம் படம் போட்டவன், வெளியே பெஞ்சில் உன் அப்பாவோடு உட்கார்ந்து நகம் கடித்தாயாம். அப்பா சொல்லிச் சிரித்தார், ஆனால் அவரும் அன்று முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை. பிறகு என் இதயத்தின் படத்தை நீ கொண்டுவந்து காட்டினாய். சுடுவதற்கு முன்னால் எடுத்தது கோலப்பொடி கொட்டிக் கலைந்த மாதிரி இருந்தது. சுட்ட பிறகு எடுத்ததில், சிவப்பு ஒரு மூலையில் தொடங்கி, மஞ்சளாகி, பச்சையாகி, நீலமாகி, ஊதாவில் போய் அடங்கியது. அந்தச் சுவர் மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காது என்றாய். அவ்வளவு மெல்லிய சுவருக்குள் அவ்வளவு ஒழுங்கு. நான் அந்தப் படத்தை அம்மன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னேன். நீ மாட்டினாய், ஆணி கோணலாகத்தான் அடித்தாய்.

புண் ஆறுகிற வரைக்கும் இடையிடையே படபடப்பு எட்டிப் பார்த்தது. "இப்ப வர்றத கணக்குல சேக்காதம்மா, காத்திரு" என்றாய். காத்திருந்தேன். ஒரு வாரம் வரவில்லை, பிறகு ஒரு மாதம் வரவில்லை, பிறகு வரவே இல்லை. மாத்திரையை மட்டும் டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்த மாட்டேன், நீ தூரத்தில் இருந்துகொண்டு கவலைப்படாதே. வெள்ளிக்கிழமைகளில் வாசலுக்கு வந்தவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எனக்கு வந்தது நோய், இனி வாக்கு இல்லை என்று சொன்னேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். ஒருத்தி தன் நெஞ்சிலும் அப்படித்தான் படபடக்கிறது என்றாள், அவளைக் கையோடு கிளினிக்குக்கு அழைத்துக்கொண்டு போனேன். எட்டு வருடத்தில் நான் சொன்ன வாக்கிலேயே உருப்படியானது அதுதான். அந்த மாதத்தில்தான் உன்னிடம், "அந்த இடத்துக்கு மறுபடி எழுதிப் போடு" என்றேன். நீ ஏற்கெனவே எழுதிப் போட்டிருந்தாய். கள்ளப் பயல்.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைத் திருவிழா. கோயிலில் எல்லோர் கண்ணும் என் மேல்தான். உறுமி அடித்தார்கள். நெஞ்சு சீராக அடித்துக்கொண்டிருந்தது, வேறு ஒன்றும் இல்லை. இவ்வளவுதான், போய்விட்டாள், பரவாயில்லை, உயிரோடு இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது நீ செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாய். அத்தனை வருடத்துக்குப் பிறகு. என் பக்கத்தில் வந்து நின்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய், டாக்டர் பிடிக்கிற மாதிரி. உன் விரல் சில்லென்று இருந்தது. உறுமிச் சத்தம் கேட்டது.

அடுத்து எனக்கு நினைவிருப்பது முகத்தில் தண்ணீர்.

நடுவில் நடந்ததை நீ எனக்குச் சொல்லவில்லை. பாக்கியம் அக்காதான் சொன்னாள். நான் ஆடினேனாம், என் கூடவே நீயும் கையை விடாமல் சுற்றினாயாம், உன் மூக்குக் கண்ணாடி கீழே விழுந்தும் எடுக்கவில்லையாம். பிறகு நான் நின்று, ஒரு கை திருநீறு அள்ளி உன் நெற்றியில் பூசி, "கடல் தாண்டிப் போய்ட்டு வா, ஒனக்குக் காவலா நான் முன்னாடி போறேன்" என்று சொன்னேனாம். நீ அழுதாயாம். உன்னிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான், "நாடி எப்படிடா இருந்துச்சு?" நீ கண்ணைத் துடைத்துக்கொண்டே, "வேகமா இருந்துச்சும்மா. ஆனா ஒன்னுகூட தப்பல" என்றாய்.

பதினேழு வயதில் நீ கேட்ட கேள்விக்கு அறைதான் கொடுத்தேன். இப்போது பதில் வைத்திருக்கிறேன், வாங்கிக்கொள். அம்மன் வந்து பேசினால் எனக்கு ஒரு சொல்லும் நினைவிருக்காது. இரண்டு வருடத்துக்கு முன்னால் உன்னைத் தடுத்த வாக்கு ஒவ்வொரு எழுத்தும் நினைவிருக்கிறது, உன் சட்டையின் நீலக் கோடுவரை. அன்று பேசினது என் பயம். நோய் அதற்கு மேளம் அடித்தது. உன்னைப் பிரிய மனமில்லாத ஒரு தாய், அம்மன் பெயரைச் சொல்லி உன் இரண்டு வருடத்தை எடுத்துக்கொண்டாள். என்னை மன்னித்துவிடு. உன் நெஞ்சும் என்றாவது படபடக்கும், என் இரத்தம்தானே. அப்போது யார் பேச்சையும் கேட்டு முடிவு எடுக்காதே, என் பேச்சானாலும் சரி. விரலை வைத்து எண்ணிப் பார், அடங்கட்டும், பிறகு முடிவு செய்.

உன் அப்பா வந்துவிட்டார். அவருக்கு முன்னால் கருவாட்டு வாசம் வாசலுக்கு வந்தது. முடிக்கிறேன். அங்கே உன் ஸ்லைடை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுத் தண்ணி லோரியைச் சொல், ஒருத்தனும் தூங்க மாட்டான். ஞாயிற்றுக்கிழமை அவள் உன்னிடம் சொன்னது எனக்கு நினைவில்லை, அதனால் அதை முழுதாக நம்புகிறேன். ஆனால் தாய் என்று நானும் ஒருத்தி இருக்கிறேன், நானும் சொல்ல வேண்டும். இதோ, தெளிந்த தலையோடு, சீரான நாடியோடு, காலை பத்தரை மணிக்கு, உன் அப்பா சாட்சியாகச் சொல்கிறேன். போய்ட்டு வா, ராசா. இதை மட்டும் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அம்மா